கூமாப்பட்டி என்று எழுதிய லேபிள்

சேரும்போது நாங்கள் நான்கு பேர். சேர்ந்த மாதமே ஒருத்தி பி.எட். கிடைத்துப் போய்விட்டாள். ஆவணியில் இன்னொருத்திக்குக் கல்யாணம். தீபாவளிக்கு ஊருக்குப் போன மூன்றாவது ஆள், மதுரையில் அரசுத் தேர்வுப் பயிற்சியில் சேர்ந்துவிட்டதாக வாட்ஸப்பில் தகவல் அனுப்பினான். ஐப்பசி மழை பிடித்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருக்கும் அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தில் தாவரச் சூழலியலும் வகைப்பாட்டியலும் படிக்க நான் ஒருத்திதான் மிச்சம்.

ஒருத்திக்கு மட்டும் நடக்கும் வகுப்பு எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள், வசதியாக இருக்குமே என்பார்கள். வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். தூங்க முடியாது, ஜன்னல் வழியாகப் பார்க்க முடியாது, ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேறு ஆள் கிடையாது. போனவர்களின் பெயரை நீக்கும் உத்தரவு ஆபீஸிலிருந்து வராததால், என் கைடு தினமும் நான்கு எண்களையும் வாசித்துத்தான் வருகை எடுப்பார். மூன்று முறை நிறுத்திக் காத்திருந்துவிட்டு நான்காவதாக என்னிடம் வருவார். ஒருநாள் எரிச்சலில், “நான் வந்தாத்தான் சார் வகுப்பே. பொறவு எதுக்கு அட்டெண்டன்ஸ்?” என்று கேட்டேன். “ரூல்ஸ்மா” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மதியம் சாப்பிடும்போதுதான் கஷ்டம். வேதியியல் மாணவிகள் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் டப்பாவில் ஒருவர் கை விட்டுச் சாப்பிடுவார்கள். கூப்பிட்டால் போயிருப்பேன். கூப்பிடவில்லை. நானாகப் போய் உட்காரவும் வீம்பு விடவில்லை. ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைத்து, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடிப்பேன். தனியாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லலாம் என்றால், அப்போது அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

என் ஆய்வுக்குப் புல்லை எடுத்தேன். ராஜபாளையத்துக்கும் வத்திராயிருப்புக்கும் இடையில் உள்ள கண்மாய்களில் முளைக்கும் புல் வகைகள். பூச்செடியை எடுத்திருந்தால் வீட்டிலாவது கொஞ்சம் மதிப்பு இருந்திருக்கும். சோழபுரம் பக்கம் கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கும் ஒரு ஆச்சி, நான் குனிந்து குனிந்து எடுப்பதைச் செத்த நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“வீட்ல எம்புட்டு ஆடு நிக்கு?”

“ஆடு இல்ல ஆச்சி. படிக்கதுக்கு.”

“புல்லப் படிக்கியா? அதுல என்னத்தா இருக்கு படிக்க?”

சொல்ல ஆசையாக இருந்தது. புல்லுக்கும் பூ உண்டு, அரிசிமணியில் பாதி அளவுகூட இருக்காது, லென்ஸில் பார்த்தால் அதன் உமியில் பட்டுநூல் மாதிரி மயிர் இருக்கும், அந்த மயிர் எங்கே தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் ஒரு புல்லை இன்னொரு புல்லிலிருந்து பிரிக்கிறோம் என்றெல்லாம். ஆச்சி அதற்குள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷம் முழுக்க எனக்கு அப்படித்தான். சொல்வதற்கு நிறைய இருந்தது, கேட்க ஆள் நிற்கவில்லை.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். புல்லை வேரோடு எடுத்து, மண்ணைக் கழுவி, செய்தித்தாளுக்குள் பரப்பி, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் அடுக்கி, வாரால் இறுக்கிக் கட்டுவோம். அதற்குப் பிரஸ் என்று பெயர். ஒவ்வொரு புல்லுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே நோட்டில் எந்தக் கண்மாய், கரையா தண்ணீர் நிற்கும் உள்வாயா, கரிசல் மண்ணா செவல் மண்ணா, என்ன தேதி என்று எழுதி வைப்போம். எண்ணை ஒரு சின்ன அட்டையில் எழுதி, புல்லின் தண்டிலேயே நூலால் கட்டிவிட வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். நகைக்கடையில் மோதிரத்தில் தொங்குமே, அந்த மாதிரி அட்டை. நான் கட்டவில்லை. நாற்பத்தாறு புல்லுக்கு நாற்பத்தாறு முடிச்சா என்ற சோம்பல். செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எண்ணை எழுதினேன். தாளும் புல்லும் பிரியாதவரை அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

மழைக்காலத்தில் தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். பிரஸ் வீட்டில் இருந்தது. எனக்குச் செய்முறைத் தேர்வு. தினமும் ராஜபாளையம் போய்வர முடியாமல் மூன்று நாள் ஹாஸ்டலில் தங்க வேண்டியதாயிற்று. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“யம்மா, மழையா இருக்கு, புல்லு வீணாப் போயிரும். அந்தப் பேப்பர மட்டும் மாத்தி வச்சிரும்மா.”

“மாத்திருதேன். நீ பரிச்சயப் பாரு.”

ஓரத்தில் இருக்கும் எண்ணைப் புதுத் தாளில் எழுதச் சொல்ல மறந்துவிட்டேன். அம்மா வேலை பார்ப்பது மருத்துவத்துணிக் கம்பெனியில். காயத்துக்குக் கட்டும் துணியை மூலை பிசகாமல் மடித்து அடுக்குவது அவள் வேலை. நான் திரும்பி வந்து பிரஸ்ஸைப் பிரித்தபோது, ஒவ்வொரு புல்லும் புதுத் தாளில், ஒரு சுருக்கமும் இல்லாமல், படுக்க வைத்தது போல இருந்தது. அம்மாவின் முகத்தில் பெருமை.

“ஏட்டி, எப்படி வச்சிருக்கேன் பாத்தியா? குட்டையப் பூரா அடில வச்சி, நெட்டைய மேல வச்சிருக்கேன். நீ தாறுமாறால்லா வச்சிருந்தே.”

“பழைய பேப்பர எங்கம்மா?”

“அது ஒரே ஈரம். காயப்போட்டு வெந்நி அடுப்புல வச்சிட்டேன். ஏன், அதுல எதும் எழுதிருந்தியா?”

“இல்லம்மா. நல்லா வச்சிருக்க.”

குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போய் அழுதேன். என் எண்கள் எரிந்த அடுப்பில் காய்ந்த வெந்நீரில்தான் அன்று குளித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கே எடுத்தது என்று தெரியாத புல் எங்கள் படிப்பில் செல்லாது. அது வெறும் தீவனம். போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், ஆனால் எல்லாப் படத்திலும் பச்சையாக ஏதோ ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நோட்டில் எழுதியதையும் புல்லையும் ஒப்பிட்டு, பதினேழைச் சந்தேகமில்லாமல் கண்டுபிடித்தேன். மீதி இருபத்தொன்பது எங்கே எடுத்தது என்று சத்தியமாகத் தெரியாது. மறுபடி போய் எடுக்கலாம் என்றால் தை பிறந்துவிட்டது. கண்மாய்கள் காய்ந்து, ஆடுகள் மேய்ந்து முடித்திருந்தன.

கைடிடம் சொல்லியிருக்கலாம். வைவார் என்ற பயம் இல்லை. நான்கு பேரில் மிஞ்சிய ஒருத்தியும் உதவாக்கரை என்று ஆகிவிடக் கூடாது என்ற எண்ணம்தான். புல்தானே, எல்லாக் கண்மாயிலும் முளைக்கும், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, புல்லை ஒட்டும் தாளில், எடுத்த இடத்தைச் சொல்லும் இருபத்தொன்பது லேபிள்களையும் மனம்போல எழுதினேன். அதில் ஒரு புல் கொஞ்சம் வித்தியாசமானது. அரைச் சாண் உயரம். கதிர் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து, ஊதா நிறத்தில் பட்டுப் போல மயிர். அந்த வாரம் தளவாய்புரம், சோழபுரம், கூமாப்பட்டி என்று மூன்று பக்கமும் அலைந்திருந்தேன். மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். மலையடிவாரமாக இருக்கிறதே, அபூர்வமான புல் அங்கே முளைத்தது என்றால் நம்புவார்கள் என்று கூமாப்பட்டியை எழுதினேன்.

நம்பினார்கள். அந்தப் புல்லின் பெயரைக் கண்டுபிடித்த கைடு, இந்தப் பக்கத்தில் இதை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்டு, புல் ஒட்டிய தாளையும் லேபிளையும் படம் பிடித்து, தாவரம் படிப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் போட்டார். நான்கைந்து பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த கார்த்திகையில், நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு போன் வந்தது. திருச்சிப் பக்கம் புல் வகைகளில் ஆராய்ச்சி செய்யும் ஓர் அக்கா.

“அந்தக் கூமாப்பட்டிப் புல்லு நீங்க எடுத்ததா? அத உயிரோட பாக்கணும்னு ரொம்ப நாளா தேடிட்டிருக்கேன். இப்ப பூக்கிற நேரம்தான? ரெண்டு நாள் லீவு கெடைக்கும். வரட்டுமா?”

அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் வரமாட்டார். என்னைத் தேடி, என் புல்லைப் பார்க்க ஒரு ஆள் வருகிறார் என்பது ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. “வாங்கக்கா” என்றேன்.

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். சேறு படிந்த செருப்பு, தோளில் பை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் லென்ஸ். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தவர் கூமாப்பட்டி வரைக்கும் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. கதிரைப் பற்றி, உமியைப் பற்றி, புத்தகத்தில் போட்டிருக்கும் படம் எவ்வளவு மோசம் என்பதைப் பற்றி. புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த சில சொற்களை அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உச்சரிப்பு தப்பு என்று அவர் சிரித்தார், அவர் உச்சரிப்பும் தப்பு என்று நான் சிரித்தேன்.

கண்மாய்க் கரையில் பைக்கை நிறுத்தி ஒருவர் கேட்டார். “ரீல்ஸ் எடுக்க வந்தியளா? டேம் அந்தப் பக்கம்லா இருக்கு.”

“புல்லு பாக்க வந்தோம்ணே” என்றார் அக்கா, கூச்சமே இல்லாமல். பைக்கில் வந்தவர் எங்கள் இரண்டு பேரின் காலடியையும் ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். இதே கேள்விக்கு நான் தனியாக நின்று பதில் சொன்ன நாட்களில் காது சூடாகும். அன்று எனக்கும் சிரிப்பு வந்தது.

சின்னப் புல்லைப் பார்ப்பதென்றால் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். யாரும் பார்க்காதபோது மட்டும் நான் செய்கிற காரியம் அது. அக்கா பையைத் தலைக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு ஈரத்தில் அப்படியே படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். ஒரு லென்ஸை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, கொழுக்கட்டைப் புல்லையும் ஊசிப்புல்லையும், எங்கும் கிடைக்கிற சாதாரணப் புல்லையெல்லாம் மணிக்கணக்காகப் பார்த்தோம். மதியம் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றை ஒரே டப்பாவில் இரண்டு பேரும் கை விட்டுச் சாப்பிட்டோம். அப்போது அவர் ‘நீங்க’வை விட்டு ‘நீ’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இங்கே அந்தப் புல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒருவேளை இருந்துவிட்டால் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே தேடினேன்.

முதல் நாள் கிடைக்கவில்லை. அன்று எங்கள் வீட்டில்தான் தங்கினார். மறுநாள் காலை, கண்மாயின் அடுத்த கரையிலிருந்து தொடங்கினோம். நேற்றைப் போலப் பேச்சு வரவில்லை. ஒவ்வொரு முறை அவர் குனிந்து, பார்த்து, இல்லை என்று நிமிரும்போதும் நான் வேறு பக்கம் பார்த்தேன். உள்வாயில் ஓரிடத்தில் மண் அள்ளிய பள்ளம் பெரிதாகக் கிடந்தது. அவர் அதன் ஓரத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு கரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, எனக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டே எழுதினார்.

“ரெண்டு நாள் தேடினோம். இல்ல. வண்டல் அள்ளிருக்காங்க. இந்த எடத்துல அழிஞ்சு போயிருக்கலாம்.”

நான் ஒரு இடத்தைக் கற்பனை செய்து எழுதினேன். இப்போது அந்த இடத்தில் ஒரு புல் செத்துப்போனதாக இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அக்கா, அத எழுதாதீக.”

“ஏன்?”

“அது இங்க எடுத்ததான்னு எனக்குத் தெரியாது.”

அட்டை கட்டாதது, பேப்பர், அடுப்பு, இருபத்தொன்பது லேபிள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

“நேத்து பஸ் ஸ்டாண்டுல நிக்கிறப்பவே தெரியும்ல உனக்கு? ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க திரும்பிப் போயிருவீகன்னு நெனச்சேன்.”

பேனாவை மூடினார். எழுதிய மூன்று வரியையும் அடித்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. மணி நான்கு ஆகியிருந்தது. சாயங்காலம் அவருக்கு பஸ். வேறு கண்மாய்க்குப் போக நேரமில்லை. திரும்பும்போது, “ஜன்னல் பக்கம் உக்காரு” என்று எனக்கு இடம் விட்டார். அவருக்காக முந்தின நாளே வாங்கிப் பையில் வைத்திருந்த பால்கோவாவைக் கொடுக்கலாமா கூடாதா என்று யோசித்து, பஸ் கிளம்பும்போது நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

“இனி அடுத்த வருஷம்தான் எனக்கு லீவு கெடைக்கும். லேபிள சரி பண்ணிரு” என்றார்.

மறுநாளே துறைக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கள் வழக்கத்தில் பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது. தப்பு அப்படியே இருக்க வேண்டும், திருத்தத்தைத் தனிச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘இடம் உறுதியில்லை’ என்று இருபத்தொன்பது சீட்டு எழுதி ஒட்டினேன். என்னம்மா இது என்று கேட்ட கைடிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“இருக்கது நீ ஒருத்தி. ஒன்னையும் அனுப்பிட்டா கோர்ஸையே மூடிருவாங்க. ஆய்வேட்டுல பதினேழ மட்டும் வச்சு எழுது.”

ஒற்றை மாணவியாக இருந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

சனிக்கிழமை வகுப்பு இல்லை. மூன்றில் மீதி இரண்டு பக்கத்தில் ஒன்றையாவது பார்த்துவிடலாம் என்று சோழபுரம் பஸ்ஸில் ஏறினேன். கண்மாயில் தண்ணீர் பாதி இருந்தது. மடைக்குத் தெற்கே, கரை சரிகிற இடத்தில், ஆடு ஏற முடியாத கல்லிடுக்கில் ஊதாவாக ஏதோ தெரிந்தது. குப்புறப் படுத்துப் பார்த்தேன். கதிர் ஒரு பக்கம் சாய்ந்து, பட்டு மயிரோடு, ஒன்றிரண்டு இல்லை, கரை நெடுக இருந்தது. முழுப் பூவில் இருந்தது.

“இங்க இருக்குக்கா” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

படம் எடுத்து, மடையிலிருந்து எத்தனை அடி என்பது வரைக்கும் எழுதி அவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. சுடிதாரில் ஒட்டிய சேறு காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் நான் உடனே எழுந்து பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன், உட்கார முடியவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தப் புல்லைப் பார்க்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவர் வந்து இறங்கியதும், மூன்று கண்மாயில் ஒன்று, எதுவென்று தெரியாதுக்கா, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லியிருந்தால் அவர் திரும்பிப் போயிருக்க மாட்டார். முதல் நாளே இங்கே வந்து பார்த்திருப்போம், மிச்ச நேரமெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்திருக்கும்.